டப்பாவில் இரண்டு முட்டை

முதல் முட்டையை நாய் கடித்துத் தின்றது. இரண்டாவதைக் கடிக்கவே இல்லை, அப்படியே விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவள் கையைப் பார்த்தது. அவள் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். குஞ்சு பொரிப்பகத்தின் பின்பக்கக் கேட்டுக்கு வெளியே, ஜெனரேட்டர் அறையை ஒட்டி ஒரு சந்து. ஓர் ஆள் நிற்கலாம், கேமரா எட்டாது. எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நுழைவதே இப்போதெல்லாம் பெரிய வித்தையாக இருந்தது. பக்கவாட்டில் திரும்பி, மூச்சை அடக்கி, சுவரில் முதுகு உரச நுழைய வேண்டும். மாமியார் முட்டையை உரித்து, கீறி, மிளகுத்தூள் தூவித்தான் கொடுப்பாள். மிளகு நாய்க்கு ஆகாது. ஆகவே இவள் பக்கத்துக் குழாயில் முட்டையைக் கழுவிவிட்டு வைப்பாள். திருட்டுத்தனத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது.

மாமியார் குப்பியில் கொடுத்தனுப்பிய பால் வாட்ச்மேனிடம் போனது. எனக்குப் பால் சேராது, நீங்கள் டீ போட்டுக்கொள்ளுங்கள் என்று என்றைக்கோ சொன்னது. அந்த ஆள் அதை அப்படியே வழக்கமாக்கிக்கொண்டான். காலையில் அவள் வரும்போதே அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்.

மற்ற நாளாக இருந்தால் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்ததும் மனசு லேசாகிவிடும். இன்று ஆகவில்லை. மதியம் ஸ்கேன். போன தடவையே குழந்தை கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, அடுத்த முறைக்குள் எடை ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். புரதம் வேண்டும், முட்டை, பால், பருப்பு, கடலை என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். மாமியார் முதல் இரண்டு வார்த்தையோடு காதை மூடிக்கொண்டாள். முட்டை, பால். அவ்வளவுதான், அதற்குமேல் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

உள்ளே போனால் அவள் வேலை இருட்டில். பொரிப்பு எந்திரத்திலிருந்து தட்டுத் தட்டாக முட்டைகள் வரும். கைவிளக்கை ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் வெறும் முட்டை. சிவப்பு நரம்புகள் சிலந்திக்கால்போல விரிந்து, நடுவில் ஒரு புள்ளி துடித்தால் உயிர் முட்டை. ரத்தம் நரம்பை விட்டு ஒதுங்கி வளையமாக நின்றால் அது செத்துப்போனது. மற்றவர்கள் தயங்குகிற இடத்தில் அவள் தயங்குவதில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பெயர் வாங்கி, கடைசியில் அந்தப் பெயரும் சுருங்கி ‘டார்ச்’ ஆகிவிட்டது. மேனேஜர்கூட டார்ச் என்றுதான் கூப்பிடுவார்.

வேலை சொல்லிக்கொடுத்த நாளில் சூப்பர்வைசர் சொன்னது ஒன்று அவளுக்கு மறக்கவில்லை. மஞ்சள்கரு என்பது கோழி தன் குஞ்சுக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாடு. மூடி போட்டாயிற்று என்றால் அப்புறம் தாய் நினைத்தாலும் ஒரு வாய் கொடுக்க முடியாது, உள்ளே இருப்பதைத் தின்றுதான் அது வளர வேண்டும். அப்போது சிரித்துக்கொண்டு கேட்டாள். இப்போது விளக்கின் மேல் ஒவ்வொரு முட்டையாக ஏறி இறங்கும்போதும் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கோழி ஒரே தடவையில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. அவள் தினமும் கொடுத்தனுப்ப வேண்டும், அனுப்பவில்லை.

வேண்டுமென்று செய்ததல்ல. மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, மாமியார் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவித்த முட்டையை வாயில் வைத்தாள். பல் பட்டதும் அந்தத் துடிக்கிற புள்ளி கண்ணுக்குள் வந்து நின்றது. கடையில் வாங்குகிற முட்டையில் உயிரில்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார். ஆனால் தொண்டைக்கு அது தெரியவில்லை. குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி. கழுவிவிட்டு நிமிர்ந்தபோது மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தாள். அவள் திட்டவில்லை. பேயடித்தவள்போலச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுநாள் டப்பா தயாரானதும் இவளே முந்திக்கொண்டு, வேலைக்குப் போய்ப் பசித்துச் சாப்பிடுகிறேன் அத்தை, அப்படியென்றால் இறங்கும் என்றாள். சாயங்காலம் காலி டப்பாவை வாங்கிப் பார்த்தபோது அந்த முகத்தில் வந்த நிம்மதியைக் கண்டவர் எவரும் அடுத்த நாளும் அதையே சொல்வார்கள். அப்படித்தான் ஒரு நாள் சொன்னது பல நாளாயிற்று. நாளைக்குச் சாப்பிட்டுவிடலாம், நாளைக்கு வேறு ஏதாவது கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறு ஏதாவது கேட்டால், முட்டை என்னவாயிற்று என்ற கேள்வி வருமே. அந்தப் பயத்தில் அதையும் கேட்கவில்லை. வீட்டில் எல்லாரும் தின்னுகிற சோறும் காயும் அவளும் தின்றாள். முட்டைதான் போகிறதே என்று வீடே நிம்மதியாக இருந்தது.

மாமியாருக்கு வேலை பழைய பேப்பர்க் கடையில், பெரிய இரும்புத் தராசுக்குப் பக்கத்தில். பேப்பர்க் கட்டைத் தூக்கும்போதே எடை சொல்லிவிடுவாள், தராசு அப்புறம்தான் ஒப்புக்கொள்ளும். விடுமுறை நாளில் மருமகளைக் கடைக்குக் கூட்டிப்போய் அதே தராசில் ஏற்றி நிறுத்துவாள். கடை முதலாளி, என்னம்மா இன்னிக்கு என்ன ரேட்டு என்று கிண்டல் செய்வார். இவள் ஏறுவதற்குமுன் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருப்பாள். முள் கொஞ்சம் நகர்ந்துவிடும். ஒரு தடவை இவள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க மாமியார் பொரிப்பகத்து வாசலுக்கே வந்தாள். நாய் ஓடிவந்து, சொந்தக்காரியைக் கண்டதுபோல அவள் பையை மோந்து வாலை ஆட்டியது. உங்க கம்பெனியில நாய்க்கு நல்லாத்தான் கவனிப்பு, முடி என்னமா மின்னுது என்றாள் மாமியார். இவள் நாயைப் பார்க்காமல் குடையை வாங்கிக்கொண்டாள்.

மதியம் புருஷன் வண்டியில் வந்து கூட்டிப்போனான். அவன் லிஃப்ட் மெக்கானிக். சட்டையில் எந்நேரமும் கிரீஸ் வாசனை. வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, பள்ளம் வந்தால் மட்டும் ‘பிடிச்சுக்கோ’ என்றான். மாமியார் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவர்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அதே பை, அதே மாதிரி இன்னொரு டப்பா. சாயங்காலத்துக்கு என்று இன்னும் இரண்டு அவித்திருந்தாள்.

ஸ்கேன் அறையும் இருட்டுதான். வயிற்றில் குளிர்ந்த பசை பட்டதும் அவள் திரையைத் தேடினாள். எத்தனை ஆயிரம் முட்டைகளைப் பார்த்த கண். சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது, ஆனால் அவளால் ஒன்றும் படிக்க முடியவில்லை. வளையம் இருக்கிறதா என்றே தேடிக்கொண்டிருந்தாள். மனுஷக் குழந்தைக்கு வளையமெல்லாம் கிடையாது என்று புத்தி சொன்னது, கண் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தவர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தி அளந்தார். துடிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கு, டாக்டர் சொல்லுவாங்க என்றார். டாக்டர் சொல்லுவாங்க என்று சொன்னால் நல்ல சேதி இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

டாக்டர் நடுவயதுப் பெண்மணி. மதியச் சாப்பாடு சாப்பிட்டாரோ இல்லையோ, கண் அவ்வளவு களைத்திருந்தது. குழந்தை போன தடவைக்கு அப்புறம் ஏறவே இல்லை என்பதுபோலத்தான் ஏறியிருக்கிறது என்றார். தொப்புள்கொடியில் ரத்தம் போகிற வேகமும் சற்றுக் குறைவு. மோசம் என்று சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது, நடுவில் நிற்கிறது. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நேராகப் பார்த்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொல்லிவிட்டாள். “தினம் ரெண்டு முட்டை டாக்டர். ஒரு குப்பி பால். என் கையாலதான் அவிச்சுக் குடுக்கறேன். ஒரு நாள் விட்டதில்ல. இந்தப் பாருங்க.” டப்பாவைத் திறந்தே காட்டினாள். மிளகுத்தூளோடு இரண்டு முட்டைகள் டாக்டரின் மேசைமேல் விழித்துக்கொண்டிருந்தன. டாக்டர் தலையாட்டினார்.

“அப்ப சாப்பாட்டுல குறை இல்ல. இவ்வளவு சாப்பிட்டும் குழந்தை வளரலன்னா, சத்து போற வழியிலதான் கோளாறு. உள்ளயே வெச்சுக் காத்திருக்கறதுல அர்த்தம் இல்லம்மா. வெளிய எடுத்து நாம ஊட்டிக்கலாம். குழந்தை நுரையீரல் பலப்பட ஊசி போடணும், இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க.”

சின்னதாக இருக்குமே என்று புருஷன் இழுத்தான். ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும், கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும், சில குழந்தைகள் நன்றாகத் தேறிவிடும் என்றார் டாக்டர். சில என்ற வார்த்தையை மூன்று பேருமே கேட்டார்கள். சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

புருஷன் அட்மிஷன் கவுன்டரில் வரிசையில் நின்றான். மாமியாரும் அவளும் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் ஒரு லிஃப்ட், திறந்து மூடித் திறந்து மூடி ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் புருஷன் என்றைக்கோ சாப்பிடும்போது சொன்ன கதை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. கீழே மெயின் சுவிட்ச் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறான். பார்த்தாச்சு, போட்டுத்தான் இருக்கு என்றார் அங்கே இருந்த ஆள். அதை நம்பி மேலே ஏறி மோட்டாரை அக்கக்காகக் கழற்றிப் போட்டு, உடைக்கக் கூடாத ஒன்றையும் உடைத்துவிட்டு, கடைசியில் கீழே வந்து பார்த்தால் சுவிட்ச் போடவே இல்லை. அந்த ஆள்மேல கோபம் வரல, எதுக்குப் பொய் சொன்னார்னுதான் இன்னிக்கும் புரியல என்றான் அவன். அவளுக்குப் புரிந்தது. போய்ப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

சொல்லிவிட வேண்டும். இந்தக் கதவு அடுத்த தடவை திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். மாமியார் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அது துக்கத்தில் வருகிற அழுகையாகத் தெரியவில்லை. இவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து மெதுவாகத் தடவிக்கொடுத்தாள்.

மாமியாருக்கு மூத்த பெண் ஒன்று இருந்தது, கையளவு பிறந்து சில நாளில் போய்விட்டது என்பது இவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் புருஷன் சொல்லியிருந்தான். அம்மாகிட்ட அதைப் பத்திக் கேக்காதே என்றும் சொல்லியிருந்தான். இத்தனை வருஷத்தில் மாமியார் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. இப்போது எடுத்தாள்.

“எனக்கும் தினம் குடுத்தாங்க. வாடை பிடிக்கலன்னு தள்ளிட்டேன். அப்ப எனக்கு வாய்த்துடுக்கு, யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். அந்த டாக்டர் மூஞ்சிக்கு நேரா கேட்டார், முட்டை கூடத் திங்க முடியாதா உனக்குன்னு. புள்ள போச்சு. நான் திங்காம கொன்னுட்டேன்னுதான் இவ்வளவு நாளும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நீ நான் குடுத்ததையெல்லாம் சாப்பிட்டே. அப்படியும் இது இப்படித்தான் இருக்கு. அப்ப அன்னிக்கும் நான் திங்காததால போகலதானே? வழியில ஏதோ கோளாறு. அப்படித்தானே? நீ சொல்லு.”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ஆமாம் அத்தை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மனுஷி தலையிலிருந்து ஒரு மலையே இறங்கிவிடும். இறங்கத் தொடங்கியே விட்டது, முகத்தில் தெரிகிறது. தோள்கூடத் தளர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். வாழ்நாளில் ஒரு தடவை கிடைத்த நிம்மதி, அதுவும் இந்தப் பெஞ்சில். அதைப் பிடுங்குவதா. சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன, டாக்டர் படித்தவர், எடுத்து ஊட்டிக்கொள்ளலாம் என்கிறாரே, எத்தனையோ குழந்தைகள் பிழைக்கின்றன. சில, சில என்று அந்த வார்த்தை உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது. மோட்டாரைக் கழற்றப் போகிறார்கள். வயிற்றுக்குள் அது விலாப்பக்கமாக ஒரு தடவை நகர்ந்தது. பலமாக இல்லை, யாரோ தூக்கத்தில் புரண்ட மாதிரி.

“அத்தை, அந்த முட்டைய நான் சாப்பிடல.”

“எந்த முட்டைய?”

“எல்லாத்தையும்.”

மாமியார் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தடவுவது மட்டும் நின்றுபோயிற்று. பாலையுமா என்று கேட்டாள். அதையும்தான் என்றாள் இவள். லிஃப்ட் வந்து திறந்து, ஒரு குடும்பமே இறங்கிப் போயிற்று. குமட்டியது, அந்தப் புள்ளி ஞாபகம் வந்தது, உங்கள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை என்று என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். எதைச் சொன்னாலும் சாக்காகத்தான் கேட்கும் என்று விட்டுவிட்டாள். மாமியாரின் முகத்தில் அந்த மலை திரும்ப ஏறி உட்காருவதைக் கண்ணால் பார்த்தாள். நெற்றியில் தொடங்கி, கன்னம் இறங்கி, வாய் இறுகி, அவள் எப்போதும் இருக்கிற மாதிரி ஆகிவிட்டாள். திட்டட்டும், அடிக்கவும் அடிக்கட்டும் என்று இவள் காத்திருந்தாள்.

மாமியார் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். டாக்டர் அறை வாசலில் நர்ஸ் கையை நீட்டித் தடுத்தாள், உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்றாள். மூட்டை தூக்கிப் பழகிய கை அந்தக் கையைச் சாதாரணமாக ஒதுக்கிவிட்டது. கதவைத் திறந்து நின்றபடியே பேசினாள். தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

“டாக்டர், நான் சொன்னது தப்பு. அவ சாப்பிடல, அவளுக்கு முட்டை ஆகாது. விஷயம் தெரியாம நான்தான் தப்பா சொல்லிட்டேன். வேற என்ன குடுக்கணும், அதைச் சொல்லுங்க.”

அதற்கப்புறம் நடந்ததில் கத்தல் ஏதும் இல்லை. டாக்டர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, எத்தனை நாளாக என்று கேட்டார். கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். முட்டை மட்டும்தான் சத்து என்று யார் சொன்னது, பருப்பு இல்லையா, கடலை இல்லையா, தயிர் இல்லையா, போன தடவை இதையெல்லாம் நான் சொல்லவில்லையா என்றார். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாடு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன் என்றும் சொன்னார் டாக்டர். ரத்த ஓட்டம் குறைவாக இருப்பது நிஜம், சாப்பிட ஆரம்பித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் கணக்கு இப்போது வேறு. குழந்தையின் இதயத்துடிப்பைக் கொஞ்ச நேரம் எந்திரத்தில் ஓட விட்டுப் பார்க்கலாம். அது நன்றாக இருந்தால் ஒரு வாரம் காத்திருக்கலாம், தினமும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும். நன்றாக இல்லையென்றால் முன்னால் சொன்னபடி வெளியே எடுப்பதுதான். வேலைக்குப் போவது இன்றோடு முடிந்தது.

வரிசையிலிருந்து வந்த புருஷனிடம் அவளே சொன்னாள். அவன் அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் சிவந்தது. பிறகு, சுவிட்சு போடலியா என்று மட்டும் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நெடுநேரம் திரும்பி நின்றுகொண்டான்.

துடிப்பு பார்க்கிற அறையில் சாய்வாகப் படுக்கவைத்து வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகளைக் கட்டினார்கள். எந்திரத்துக்குள்ளிருந்து குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. ஆனால் எந்திரம் தள்ளிய காகிதத்தில் கோடு மேலே ஏறாமல் தட்டையாகவே போயிற்று. நர்ஸ் எட்டிப் பார்த்து, குழந்தை தூங்குது போல, ஏதாவது சாப்பிடுங்க, முழிச்சுக்கிட்டா கோடு ஏறும், ஏறுதான்னுதான் பார்க்கணும் என்றாள். கையில் இருந்ததோ அந்த டப்பா ஒன்றுதான். மாமியார் அதைத் திறக்கவில்லை. எழுந்து போனாள்.

திரும்பி வந்தபோது பொட்டலம் நிறைய அவித்த வேர்க்கடலை வைத்திருந்தாள். வெளியே தள்ளுவண்டியில் வாங்கியிருப்பாள். மூச்சு வாங்கியது. கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தோலை உடைத்து உடைத்துப் பருப்பை எடுத்தாள். ஒவ்வொன்றாக இவள் வாயில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. கடலை வெதுவெதுப்பாக, உப்பாக இருந்தது. குமட்டவில்லை. இவ்வளவு நாளும் இது கிடைத்திருக்குமே என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. அழுதுகொண்டே மென்றாள்.

“நாய்க்கா குடுத்தே?” என்று கடலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள் மாமியார்.

“ம்.”

“மிளகோடவா?”

“கழுவிட்டுத்தான்.”

மாமியார் ஒரு நிமிஷம் கை ஓயாமல் உரித்தாள். “அதான் முடி அப்படி மின்னிச்சு,” என்றாள். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இவளுக்குப் பிடிபடவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை. இன்னொரு கடலை வாய்க்குள் வந்தது, இன்னொன்று. தோல்கள் மாமியாரின் மடியில் குவிந்தன.

குதிரைச் சத்தம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று தடுக்கியதுபோல ஒரு நொடி தாழ்ந்தது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். அறைக்கு வெளியே ஜன்னலோரம் நின்றிருந்த புருஷன் திரும்பினான். தாழ்ந்தது ஏறுமா என்று நர்ஸ் கோட்டைப் பார்த்துக் குனிந்தாள். மாமியார் மட்டும் அசையவில்லை. உரித்த கடலை ஒன்றை இரண்டு விரலில் பிடித்தபடி, மருமகளின் வாய்க்கு நேரே நீட்டிய கையோடு, அவள் எந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.